பதின்மூன்று ஆண்டு மறுப்பு

காடும் கரையும் – வரலாற்றுத் தொடர் – பகுதி 11

சென்ற பகுதியை வேடந்தாங்கலில் நிறுத்தியிருந்தோம். ஏரிப் பறவைகளைச் சுட்ட கும்பினிச் சிப்பாய்கள்மீது ஊரார் முறையிட, 1790களின் இறுதியில் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் ஊரார் பக்கம் நின்று பட்டயம் எழுதிக் கொடுத்த கதை அது. ஓர் ஊர், ஓர் ஏரி, ஒரு கலெக்டர் என்று அந்த வழக்கு ஒரு தாளில் முடிந்துவிட்டது.

அடுத்த எழுபது ஆண்டுகளில் காலம் வெகுவாக மாறியது. ஊர் ஊராகக் கேட்டு விசாரித்துத் தீர்ப்பதற்கு அரசுக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று. உழாத நிலத்தையும், அதில் நிற்கும் மரத்தையும், விழுந்து கிடக்கும் விறகையும் சேர்த்து ஒரே அறிவிக்கையில் சர்க்கார் சொத்தாக்கும் சட்டம் வேண்டும் என்ற குரல் கல்கத்தாவில் ஓங்கியது. அந்தக் குரலுக்குச் சென்னை மாகாணம் 1869 முதல் 1882 வரை 'முடியாது' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இந்திய தேசிய காங்கிரஸ் அப்போது பிறக்கவே இல்லை. மறுத்தவர்கள் வெள்ளை அரசின் வருவாய் அதிகாரிகள். அவர்கள் ஏன் மறுத்தார்கள், எதை வென்றார்கள், யாரை மறந்தார்கள் என்பதை இந்தப் பகுதியில் பார்க்கலாம்.

விறகுக்குப் பறந்த நகரம்

செங்கல்பட்டு மாவட்டத்துக் காடு என்றால் ஆனைமலையையோ நீலகிரியையோ நினைத்துக்கொள்ளக் கூடாது. தேக்கும் ஈட்டியும் நெடுநெடுவென்று நிற்கும் மழைக்காடு இங்கே கிடையாது. செம்மண் மேடுகளிலும் பாறைக் குன்றுகளிலும் காரை, களா, காசான், உலக்கைப்பாலை என்று முள்ளும் முடிச்சுமாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வளரும் புதர்க்காடு. மாமல்லபுரம் பக்கம் கரையை நெருங்க நெருங்கப் பனையும் தாழையும் மணல்மேடும். இடையிடையே ஏரிகள், ஏரிக்கரைத் தோப்புகள், ஊர் மாடுகள் மேயும் மேய்க்கால். கப்பல் கட்டும் மரத்தைத் தேடிய கண்ணுக்கு இது காடாகவே தெரியவில்லை. 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட ஹியூ கிளெக்ஹார்னின் முதல் கவலையும் மேற்குமலைக் காடுகளைப் பற்றியதுதான்.

நிலைமையைப் புரட்டிப் போட்டது ரயில். கிளெக்ஹார்ன் நியமனமான அதே 1856இல், ஜூலை 1ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தக் கட்டை வேண்டும். இஞ்சினுக்கு விறகு வேண்டும். அன்றைய சென்னை ரயில் எரித்ததில் பெரும்பங்கு விறகே. 1870களின் பிற்பாதியில் செங்கல்பட்டு வழியாகத் தெற்கே மீட்டர் கேஜ் பாதையும் வந்துவிட்டது. வளர்ந்துகொண்டிருந்த சென்னைப் பட்டணத்தின் அடுப்புகளும் செங்கல் சூளைகளும் வேறு இருந்தன. ஊர்ப் பெண்கள் சுள்ளி பொறுக்கிய புதர்க்காட்டுக்கு முதன்முறையாகச் சந்தை விலை வந்தது.

விறகு வந்த வழியில் முக்கியமானது கால்வாய். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாய், படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877–78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது அப்போதுதான். கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் ஒட்டி மரக்காணம்வரை போகும் அந்த நீர்வழியில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் பட்டணத்து விறகுத் தொட்டிகளுக்குப் போயின.

கடலோர மணலில் சவுக்கு வந்ததும் இந்த அவசரத்தில்தான். 1860களில் தொடங்கிய சவுக்குத் தோப்புகள் ரயிலுக்கும் பட்டணத்துக்கும் விறகு தரும் பணப்பயிராயின. நட்ட சில ஆண்டுகளில் வெட்டி விற்கலாம் என்றதும் செட்டிமார்களும் மிராசுதார்களும் அதில் பணம் போட்டார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் காலங்காலமாய் இருக்கும் காடு என்று நினைக்கும் சவுக்கு, உண்மையில் நீராவி இஞ்சின் காலத்தின் எச்சம்.

புதரையும் விடாத சட்டம்

இந்தப் பின்னணியில் வந்ததுதான் 1865ஆம் ஆண்டின் அரசுக் காடுகள் சட்டம். அதன் மையக் கருத்து மிக எளிது. மரமோ புதரோ காடோ மூடிய நிலம் எதையும் அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் 'அரசுக் காடு' என்று ஆக்கிவிடலாம். மக்களுக்கு ஏற்கெனவே இருக்கும் உரிமைகள் பாதிக்கப்படா என்று ஒரு வரியும் உண்டு. ஆனால் அந்த உரிமை என்ன, யாருக்கு, யார் விசாரிப்பார்கள், எத்தனை நாளுக்குள் என்று கேட்டால் சட்டத்தில் உருப்படியான பதில் இல்லை.

'புதர்' என்று அந்தச் சட்டம் சொன்னதைச் செங்கல்பட்டில் நின்று படித்தால்தான் அதன் வீச்சு விளங்கும். ஏர் படாத நிலமெல்லாம் இங்கே புதர்தான். ஊர்த் தரிசு, மேய்க்கால், ஏரிக்கரை, குன்றுச் சரிவு எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

வனத்துறையினருக்கு அந்தச் சட்டமும் போதவில்லை. இன்னும் இறுக்கமான புதிய வரைவு ஒன்று 1869இல் மாகாணங்களின் கருத்துக்குச் சுற்றுக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் அதைப் படித்துப் பார்த்தவர்களில் ஒருவர் நெல்லூர் துணைக் கலெக்டர் நாராயண ராவ். செங்கல்பட்டுக்கு வடக்கே அடுத்த மாவட்டம் அது. மண்ணும் கரையும் புதரும் ஒரே வகை. ஆதியில் இந்த நாட்டு மண்ணில் சர்க்காருக்கு உடைமை என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது அவர் வாதம். ஆள் குறைவாகவும் நிலம் ஏராளமாகவும் இருந்த காலத்தில் வேண்டியவர் வேண்டியதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்த வழக்கத்திலிருந்து பிறந்தது மக்களின் உரிமை என்றார். வெள்ளைக்காரத் துரைகளின் கோப்புக்குள் ஓர் இந்திய அதிகாரி இப்படி எழுதுவதற்கு அன்று துணிச்சல் வேண்டும்.

ஆனால் அவர் தனி ஆளாக நிற்கவில்லை. 1871 ஆகஸ்ட் 5ஆம் தேதி சென்னை ரெவின்யூ போர்டு தன் கருத்தைப் பதிவு செய்தது. சென்னை மாகாணம் முழுவதிலும் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு என்று ஒன்றைக் காண்பதே அரிது; தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றின்மீது வாங்கிய பங்கைத் தவிர, அண்மைக்காலம்வரை அரசு எந்தக் காட்டிலும் சொத்துரிமை கொண்டாடியதே இல்லை. இதுதான் அந்தப் பதிலின் சாரம்.

போர்டின் துரைமார்கள் மக்கள்மீது பாசம் கொண்டு இப்படி எழுதினார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வரி வசூலிக்கும் அதிகாரிகள். ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனும் நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்டுகிறான். அவன் மாடு மேய இடமும், ஏருக்கு மரமும், வயலுக்குத் தழையும் இல்லை என்றால் தீர்வை நிலுவையில் நிற்கும். வனத்துறையின் லாபம் வருவாய்த்துறையின் நஷ்டம் என்ற கணக்கும், தாலுகாவில் தாசில்தாருக்குப் போட்டியாக இன்னொரு துறை முளைப்பதில் இருந்த எரிச்சலும் அதில் உண்டு. காரணம் எதுவானாலும், கோப்பில் ஏறிய வாசகம் மக்களுக்குச் சாதகமாக இருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின் வன வரலாற்றை எழுதியவர்கள் அதைத் தேடிப் பிடித்துக் காட்டுமளவுக்கு அதில் வலு இருந்தது.

உரிமையா, சலுகையா?

கல்கத்தாவில் இதற்கிடையே வனத்துறைக்குள்ளேயே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வனத்துறை அதிகாரி பேடன்-பவல். மக்கள் காலங்காலமாக விறகு எடுத்ததும் மாடு மேய்த்ததும் அரசு கண்டும் காணாமலும் விட்ட சலுகைகளே என்றார் அவர். எழுத்தில் பதிந்து கொடுக்காத எதுவும் உரிமை ஆகாது. ஆகவே ஒரே வீச்சில் அரசுடைமையை அறிவித்து, குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. மறுபக்கம் வனத்துறைத் தலைமை ஆய்வாளர் டீட்ரிச் பிராண்டிஸ், ஜெர்மானியர். ஐரோப்பாவில் ஊர்ப் பொதுக் காடுகள் நன்றாக நடப்பதைக் கண்டவர். அரசுக்கு முக்கியமான காடுகளைத் தனியே பிரித்துக்கொண்டு, மீதியை ஊருக்கு விட வேண்டும். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு உரிமையையும் விசாரித்துப் பதிய வேண்டும் என்றார். ரெவின்யூ போர்டு இந்த இருவருக்கும் அப்பால், மூன்றாவது இடத்தில் நின்றது: எடுப்பதற்கே அரசுக்கு உரிமை இல்லை.

1878இல் நிறைவேறிய இந்திய வனச் சட்டத்தில் பேடன்-பவலின் கைதான் ஓங்கியிருந்தது. ஆற்றில் மிதந்து வந்த மரம், கரை ஒதுங்கிய மரம், நீரில் மூழ்கிய மரம்கூட, வேறொருவர் தமது என்று நிரூபிக்கும்வரை சர்க்காருடையதே என்று அது சொன்னது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக அந்த விதி இன்றும் நாட்டின் பெரும்பகுதியில் உயிரோடு இருக்கிறது. இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது சென்னை மாகாணம். ரெவின்யூ போர்டின் மறுப்புக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1876–78 பஞ்சம் அரசின் மனத்தை மாற்றியது. காடழிந்தால் மழை குறையும், ஏரி வறளும், பஞ்சம் வரும் என்ற எண்ணம் வலுத்தது. 1880இல் பஞ்ச விசாரணைக் குழுவும் காட்டைக் காக்க வேண்டும் என்றது. முன்பு 'ரயிலுக்கு விறகு வேண்டும்' என்று கேட்ட அதே அதிகாரம் இப்போது 'பஞ்சத்தைத் தடுக்கக் காடு வேண்டும்' என்று கேட்டது. வெட்டுவதற்கு ஒரு முறையும் காப்பதற்கு ஒரு முறையும், கேட்டது ஒன்றைத்தான்: நிலத்தின்மீது விரைவான, கேள்வியில்லாத பிடி. 1881இல் பிராண்டிஸ் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டு சென்னை வனச் சட்டம், 1882ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம், நிறைவேறியது. பல திருத்தங்களோடு தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருப்பது அதுவே.

மறுப்பு வாங்கித் தந்தது

தோற்றுப்போன எதிர்ப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1865ஐயும் 1882ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

1882 சட்டப்படி ஓர் இடத்தைக் காப்புக்காடு ஆக்க வேண்டும் என்றால், 4ஆம் பிரிவின்கீழ் முதலில் உத்தேசத்தை மட்டும் அறிவிக்க வேண்டும். உரிமைகளை விசாரிக்க வன நிர்ணய அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் பொதுவாக வனத்துறைக்காரராக இருக்கக் கூடாது. தாலுகா தலைமையிடத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் அறிவிப்புச் செய்ய வேண்டும். உரிமை கோர மூன்று மாதத்துக்குக் குறையாத தவணை. மனு எழுதத் தெரியாதவர் நேரில் வந்து வாயால் சொல்லலாம். நிலத்தின்மீது உரிமை கோரி அது மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். இவ்வளவும் முடிந்த பின்னரே 16ஆம் பிரிவின்கீழ் காப்புக்காடு என்று இறுதி அறிவிக்கை.

இந்த நீதிமன்ற வழி வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. கோதாவரி முகத்துவாரத்தில் கடலில் உருவான தீவுகளைக் காப்புக்காடு ஆக்க அரசு முனைந்தபோது, செல்லிக்கானி ராமராவ் எதிர்த்தார். வழக்கு நிர்ணய அலுவலரிடமிருந்து மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறி, 1916இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. கடலில் எழுந்த நிலம் சர்க்காருடையதே, எதிர் அனுபவம் கோருகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பாகி அவர் தோற்றார். ஆனாலும், காட்டு நில வழக்கு ஒன்று மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால் மற்ற வழக்குகளைப் போலவே அதற்கும் மேல்முறையீடு உண்டு என்பது அந்தத் தீர்ப்பில் உறுதியானது. அரசு ஒரு புதர்த்தீவை எடுக்க லண்டன்வரை வாதாட வேண்டியிருந்தது என்றால், 1871இன் மறுப்பு வீண்போகவில்லை என்றுதான் அர்த்தம்.

கைவிட்டுப் போனவையும் உண்டு. பிராண்டிஸ் விரும்பிய கிராமக் காடு என்ற வகை சென்னைச் சட்டத்தில் இடம்பெறவே இல்லை. காப்புக்காடு அல்லாத சர்க்கார் தரிசுகளுக்கும் 26ஆம் பிரிவின்கீழ் விதி செய்துகொள்ள அரசு அதிகாரம் வைத்துக்கொண்டது. ஊருக்கு என்று சட்டம் பெயர் சொல்லி விட்டுவைத்த காடு ஒன்றுமில்லை.

யாருடைய ஊர்?

ரெவின்யூ போர்டு 'கிராமத்தின் உரிமை' என்று எழுதியபோது எந்தக் கிராமத்தை நினைத்தது? செங்கல்பட்டில் இந்தக் கேள்வி கூர்மையானது. இது மிராசு மாவட்டம். காணியாட்சி உடையவர்கள் சாகுபடி நிலத்தோடு ஊர்க் கரம்பின்மீதும் பங்கு கொண்டாடினார்கள். கலெக்டர் பிளேஸ் காலத்திலேயே இதில் தகராறு. பின்னாளில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் மிராசு உரிமையைப் பற்றி எழுதிய விரிவான பதில்களில் இதற்கான வாதமும் ஆதாரமும் நிறைய உண்டு. யாராவது தரிசை உழ தர்காஸ்து போட்டால் முதல் உரிமை மிராசுதாருக்குத்தான்.

ஆக, காடு கிராமத்துக்குச் சொந்தம் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருந்தாலும், அது மிராசுதாரின் கைக்குத்தான் போயிருக்கும். சேரியிலிருந்து சுள்ளிக்குப் போன பெண்ணும், புற்று தோண்டி, கிழங்கெடுத்து, விறகு சுமந்து பிழைத்த இருளரும் அந்தக் கணக்கில் இல்லை. மூன்று மாதத் தவணையில் நிர்ணய அலுவலர் முன் போய் 'இது என் உரிமை' என்று சொல்ல இருளருக்கு எந்த ஊர் எல்லைக்குள்ளும் காணி இல்லை. அவர்கள் பக்கம் நின்று சாட்சி சொல்லக் கர்ணமும் மணியக்காரரும் வரப்போவதில்லை.

இந்த ஓட்டையை அரசுக் கோப்பில் அழுத்தமாக எழுதியவர் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர். பறையர் சமூகத்தின் நிலைமையைப் பற்றி 1891இல் அவர் கொடுத்த அறிக்கை, சேரி மக்கள் தரிசு கேட்டு மனுப் போட்டால் மிராசுதார்கள் எப்படி மறிக்கிறார்கள், குடியிருக்கும் மனைகூட எப்படி அவர்கள் பிடியில் இருக்கிறது என்று விவரித்தது. 1892இல் வந்த அரசாணையும், பின்னர் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற ஒதுக்கீடும் அதன் விளைவுகள். அந்த நிலங்களை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள். மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்து நிலத்துக்காக எழுந்த போராட்டம் அது. 1871இல் 'கிராமம்' என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோனவர்களின் வழக்கு இன்னும் முடியவில்லை.

பட்ட மரமும் விழுந்த மரமும்

காப்புக்காடு வந்த பிறகு அன்றாடச் சண்டை பச்சை மரத்தைப் பற்றி நடக்கவில்லை. பட்ட மரம், விழுந்த கிளை, சுள்ளி, தழை இவற்றைப் பற்றித்தான் நடந்தது. நேற்றுவரை எடுத்ததற்கு இன்று சீட்டு, கட்டணம், காவலரின் கெடுபிடி. இந்தப் புகார் 1890களில் காங்கிரஸ் மேடைவரை போனது. 1894 அக்டோபரில் இந்திய அரசு புதிய வனக் கொள்கையை அறிவிக்க, அந்த ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் அதை வரவேற்றுவிட்டு, விறகும் மேய்ச்சலும் வீட்டுக்கும் ஏருக்கும் வேண்டிய மரமும் ஏழைகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

'செத்த மரம்தானே' என்ற இந்த வாதம் ஏழையின் வாயிலிருந்து வருவதற்கும் வியாபாரியின் வாயிலிருந்து வருவதற்கும் உள்ள தூரத்தை அறிய, அமெரிக்காவுக்கு ஒரு எட்டுப் போய் வருவது நல்லது. 1995 ஜூலை 27ஆம் தேதி அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு செலவுக்குறைப்புச் சட்டத்தின் வாலில், பொதுக் காடுகளில் தீயிலும் பூச்சியிலும் பட்டுப்போன மரங்களை விரைந்து வெட்டி விற்க வழிசெய்யும் ஒரு பகுதி ஒட்டப்பட்டிருந்தது. தீயோ பூச்சியோ விரைவில் தாக்கக்கூடிய நிலையில் உள்ள மரமும் அதில் அடங்கும். அப்படியானால் உயிரோடு நிற்கும் எந்த மரம்தான் அடங்காது? சுற்றுச்சூழல் சட்டங்கள் நிறைவேற்றப்பட்டதாகவே கொள்ளப்படும், துறைக்குள் மேல்முறையீடு கிடையாது, நீதிமன்றம் தலையிடும் வாய்ப்பும் மிகக் குறுகியது என்றெல்லாம் அது சொன்னது. ஓரிகன் மாநிலத்தின் வார்னர் கிரீக் என்ற இடத்தில், 1991 தீயில் எரிந்த காட்டை வெட்டவிடாமல் எதிர்ப்பாளர்கள் மாதக்கணக்கில் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள்; அங்கே வெட்டு கைவிடப்பட்டது. சட்டத்தின் அந்தப் பகுதி 1996 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியானது. எதிர்த்தவர்களின் முதல் வாதம், எரிந்த காடு செத்த காடு அல்ல என்பது: நிற்கும் கருகிய மரத்தில் பறவை கூடு வைக்கிறது, விழுந்த மரம் மண்ணாகிறது. அதைவிடப் பெரிய வாதம், அவசரத்தின் பெயரால் கேள்வி கேட்கும் வழியை அடைக்கிறார்கள் என்பது. 1871இல் சென்னை ரெவின்யூ போர்டு எழுப்பியது இதற்கும் முந்தைய கேள்வி: எடுப்பதற்கே அரசுக்கு உரிமை உண்டா என்பது.

நம் நாட்டில் கதை வேறு திசையில் போயிற்று. கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காட்டு மரவெட்டுக்குக் கடிவாளம் போட்டது. அதே வழக்கில் 2000 பிப்ரவரி 14ஆம் தேதி, தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் செத்த மரம், நோயுற்ற மரம், காற்றில் விழுந்த மரம், மிதந்து வந்த கட்டை, புல் எதையும் அகற்றத் தடை விதித்தது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையையும் செங்கல்பட்டையும் புரட்டியபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. சாலையில் விழுந்ததை மாநகராட்சி அறுத்து ஏற்றிச் செல்லலாம். கிண்டி தேசியப் பூங்காவுக்குள் விழுந்தால் அந்தத் தடை குறுக்கே நிற்கும். மரம் ஒன்று, காற்று ஒன்று. விழுந்த மண்ணின் சட்டப் பெயர்தான் வேறு.

காட்டுக்கு இது நல்லது. ஆனால் இதே ஆணை, நாட்டின் பல சரணாலயங்களில் சுள்ளியும் தேனும் நெல்லியும் எடுத்துப் பிழைத்த பழங்குடியினரின் வயிற்றிலும் அடித்தது. அதைச் சரிசெய்ய 2006இல் வன உரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. வெட்டுவதற்கான அவசரமானாலும் தடுப்பதற்கான அவசரமானாலும், விறகு சுமப்பவரைக் கேட்காமல் செய்தால் விளைவு ஒன்றுதான்.

தவணை என்னும் சொத்து

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்று. காட்டுச் சட்டத்தில் உடைமை யாருக்கு என்பதைக் காட்டிலும், கேட்பதற்கு எவ்வளவு அவகாசம், யாருக்கு எந்த மொழியில் அறிவிப்பு, யார் முன் போய்ப் பேசலாம் என்பவைதான் ஏழையின் கைக்கு எட்டும் சொத்து. சென்னை ரெவின்யூ போர்டின் பதின்மூன்று ஆண்டு மறுப்பு நிலத்தை மீட்டுத் தரவில்லை. மூன்று மாதத் தவணையையும் ஒரு விசாரணை அலுவலரையும் ஒரு நீதிமன்றப் படியையும் வாங்கித் தந்தது.

அந்தச் சிறு சொத்தின் மதிப்பு அண்மையில் விளங்கியது. கெடுபிடியானது என்று நாம் ஏசும் 1878 வனச் சட்டமே உள்ளூர் மொழியில், அக்கம்பக்கத்து ஒவ்வொரு ஊரிலும் அறிவிக்கச் சொன்னது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை அட்டவணை மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அதையும் எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2023 மார்ச் 29ஆம் தேதி மக்களவைக்கு வந்தது. நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குக் குவிந்த ஆட்சேபங்களுக்குப் பிறகும் குழு எந்த மாற்றமும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 2ஆம் தேதி மாநிலங்களவையும் நிறைவேற்றிவிட்டது. முதல் வாசிப்பிலிருந்து இறுதி வாக்கெடுப்புவரை ஐந்து மாதம்கூட இல்லை. இந்தத் திருத்தத்தால், எவையெல்லாம் காடு என்ற கேள்வி மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் வாசலில் நிற்கிறது. கோதவர்மன் வழக்கின் 1996 ஆணையில் காடு என்பதற்குத் தந்த பழைய விளக்கத்தையே இப்போதைக்குப் பின்பற்றும்படி 2024 பிப்ரவரி 19ஆம் தேதி நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது.

ஆங்கிலேய அரசு, அதுவும் பஞ்சத்தையும் ரயிலையும் காட்டி அவசரப்படுத்தப்பட்ட அரசு, தன் சொந்த அதிகாரிகளின் மறுப்பைக் கேட்டுப் பதின்மூன்று ஆண்டு தாமதித்தது. அந்தத் தாமதத்தை நிர்வாகக் கோளாறு என்று அன்று வனத்துறையினர் திட்டினார்கள். இன்று செங்கல்பட்டுக் காப்புக்காட்டை ஒட்டிய ஏதாவது ஒரு சிற்றூரில் ஒருவர் பழைய நிர்ணயப் பதிவைக் காட்டி வழிநடை உரிமை கேட்க முடிகிறது என்றால், அது அந்தக் கோளாறு விட்டுச் சென்ற கொடை.

அடுத்த பகுதியில்: 1913ஆம் ஆண்டு சென்னை வனக் குழுவின் அறிக்கையும், காட்டை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்த அந்தக் குறுகிய காலச் சோதனையும்.